கயிறு கட்டிய கை

"அண்ணே, முதல்ல இவர வெளிய இழுத்துட்டுப் போங்க!" மாதவி கத்திய கத்தலில் நாதஸ்வரமே நின்றுவிட்டது.

கிள்ளான் மண்டபம் ஒன்றில் அவள் குழந்தைக்குக் காது குத்து. தாய்மாமன் திருச்செல்வம் மடியில் குழந்தையை வைத்திருந்தான். பக்கத்தில் அப்பன் குகன், வேர்த்துக் கொட்ட, கை நடுங்கத் தள்ளாடிக்கொண்டு நின்றான்.

திடீரென்று, "எறும்பு! பிள்ளை மூஞ்சி பூரா எறும்பு!" என்று அலறி, குழந்தையின் கன்னத்தில் பட்பட்டென்று தட்டினான். ஓர் எறும்பும் இல்லை. குழந்தை வீறிட்டது. அடுத்த நொடி சீர்த்தட்டின் மேலேயே வாந்தி எடுத்துவைத்தான்.

எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். "சீ! கையில சாமி கயிறு கட்டிக்கிட்டே குடிச்சிருக்கான் பாரு லா," என்றார் முன்வரிசை ஆன்டி ஒருவர்.

முந்தாநாள் வெள்ளிக்கிழமைதான், குடியை விட்டுவிட்டேன் என்று அம்மன் சன்னதியில் சத்தியம் செய்து கட்டிக்கொண்ட கயிறு. மாதவி அன்று சந்தோஷத்தில் அழுதாள். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்று சும்மாவா சொன்னார்கள்!

திருச்செல்வம் அவனைக் காருக்குள் தள்ளினான். தொடவே கூசியது.

"வாயில சாம்சு சாராய வாடையே இல்லையே அண்ணே," என்றாள் மாதவி.

"எதையாச்சும் மென்னு மறைச்சிருப்பான். சரியான கேடி! கிளினிக்ல ஊசி போட்டுத் தெளிய வச்சிட்டு, நேரா கேரி தீவுல இவன் அண்ணன் வீட்ல தள்ளிட்டு வந்துடுறேன்."

"தள்ளிடுங்க. இன்னியோட இவருக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல. பெத்த பிள்ளையவே அடிக்கிறாரு, தூ!"

சொன்னாளே தவிர, அவளும் காரில் ஏறிக்கொண்டாள். கிளினிக்கில் டாக்டர் ஷஹானா குகனின் நாடியைப் பிடித்தார். வாயருகே குனிந்து முகர்ந்தார். நடுங்கும் விரல்களைப் பார்த்தார். அவன் காதில் ஏதோ கேட்டார், அவனும் முனகினான்.

சட்டென்று நர்ஸ் பக்கம் திரும்பினார். "ஆம்புலன்ஸ கூப்பிடுங்க, சீக்கிரம்! உயிருக்கே ஆபத்து."

மாதவிக்கு எரிச்சல்தான் வந்தது. "அவ்ளோவா குடிச்சிருக்காரு, டாக்டர்?"

"குடிக்கலக்கா. தினமும் குடிச்சவரு, மருந்தில்லாம ஒரேயடியா நிறுத்திட்டாரு. அதுதான் உடம்ப இப்படி ஆட்டுது!"