ஓட்டைவாய்

மதிய வெளிச்சம் ஆய்வக மேசையில் சுண்ணாம்புபோல் வெளுத்துக் கிடக்கிறது. அவள் மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்திருக்கிறாள். கண்ணாடித் துண்டில் இலைத்தோல். அதில் இலை மூச்சுவிடும் எண்ணற்ற குட்டி வாய்கள். சாதாரணச் செடியில், வறட்சி வந்துவிட்டதென்று இலையை நம்பவைக்கும் மருந்து ஒரு சொட்டு விட்டால், வாயோரத்துச் செல்களிலிருந்து உப்பு வெளியேறும், பின்னாலேயே தண்ணீரும் போகும், வாய் மூடிக்கொள்ளும். உப்புக்குக் கதவைத் திறந்துவிடச் சொல்லும் புரதம் இந்தச் செடிக்குப் பிறவியிலேயே இல்லை. அதனால் இதற்கு இங்கே ஓட்டைவாய் என்று பெயர். சொட்டு விட்டு ஒரு மணி நேரமாகிறது. பக்கத்தில் ஸ்பீக்கரில் போட்டிருக்கும் செல்போனில் அக்கா பேசுகிறாள்.

"அப்பா போயிட்டாருன்னு காலைலயே சொன்னேன். இன்னும் அங்க என்னடி பண்ற?"

"இதோ, கிளம்பறேன்க்கா."

"வாய் மூடவே மாட்டேங்குதுடி. துணியால கட்டி வச்சிருக்கோம். நீ அழுதியா, இல்லையா?"

"ம்" என்கிறாள். கண் காய்ந்தே இருக்கிறது. பேனாவை எடுத்து நோட்டில் நேரத்தைக் குறிக்கிறாள். முடிவு என்ற கட்டத்தில் 'மூடவில்லை' என்று எழுதுகிறாள். செடியின் பெயருக்கான கட்டத்தில் 'அப்பா' என்று எழுதியிருப்பது அப்புறம்தான் கண்ணில் படுகிறது. ஆய்வக நோட்டில் தப்பை மறைக்கக் கூடாது. அடியில் இருப்பதைப் படிக்க முடிகிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறாள்.