சிவப்புப் பலகை

"அம்மா! அது காய்கறிப் பலகை!"

வழக்கம்போல எட்டு மணிக்குச் சமையலறைக் கேமராவிலிருந்து வெளியூர் மகளின் குரல் வெடித்தது. கோழிக்கறியும் கத்தியுமாக நின்ற அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"அடடா, மறந்தே போச்சுடி."

"நாய்க்குப் பச்சைக்கறி போடறது விளையாட்டா? கறிக்குச் சிவப்புப் பலகைன்னு எத்தனை தடவை சொல்றது? நேத்து கறியை வெளியில வெச்சு உருகவிட்டே. முந்தாநாள் சோப்புப் போட்டுக் கை கழுவல. உனக்கு ஏதாவது வந்தா யாரு பார்க்கறது?"

"சரி, சரி. நீ சாப்பிட்டியா?"

"பேச்சை மாத்தாதே. நாளைக்கும் தப்பு பண்ணினா குண்டனை நாய் விடுதியில விட்டுடுவேன்."

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "வேண்டாம்டி. நாளைக்கு ஒரு தப்பும் வராது, பாரேன்."

மகள் இணைப்பைத் துண்டித்ததும் கேமராவின் சின்ன விளக்கு அணைந்தது.

பலகையைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்துக் கழுவிவிட்டு, அம்மா பின்கட்டுக்குப் போனாள். குண்டன் வயிறு முட்டத் தின்றுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. குளிர்பெட்டியிலேயே உருகவைத்த கறியைச் சிவப்புப் பலகையில் நறுக்கி, ஆறு மணிக்கே அதற்குப் போட்டாகிவிட்டது. மூன்று வருடமாக அதில் ஒரு நாள்கூடத் தப்பு நேர்ந்ததில்லை.

எட்டு மணித் தப்புகள் கேமராவுக்காக.

மறுநாள் எட்டு மணிக்கு, சிவப்புப் பலகையில் கறியை நறுக்கினாள். சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினாள். பிறகு நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள்.

"சாப்பிட்டியாடி?" என்று கேட்பதற்குள் விளக்கு அணைந்திருந்தது.