கண்ணாடியில் ஒட்டிய பெயர்

ஸ்டிக்கர் கடை ராயப்பனிடம் அந்தத் தகப்பன் கொண்டுவந்து கொடுத்தது செத்துப்போன மகனின் ஹெல்மெட்டை.

“முப்பதாம் நாள் அஞ்சலி போஸ்டருக்கு இந்த எழுத்துலயே பேரு வேணும் தம்பி. அவனுக்கு இதுன்னா உசிரு.”

முன்கண்ணாடியில் இந்த ஓரம் தொடங்கி அந்த ஓரம் வரைக்கும் ஆங்கிலத்தில் ஜெனிட்டன் என்றிருந்தது. பழைய வேதாகம அட்டைகளில் இருப்பதுபோல் கோடுகள் தடித்து, முனைகள் ஈட்டியாகக் கூர்த்த கறுப்பு எழுத்து. பையன்கள் கோதிக் என்று கேட்டு வாங்குவார்கள். ஜெனிட்டன் பின்பக்கம் ஒட்டத்தான் கேட்டான். கண்ணாடியில் ஒட்டினால்தான் கெத்து, எதிரே வருகிறவன் படிக்க வேண்டாமா என்று சொன்னது ராயப்பன்.

“லாரி வந்தது எப்படித்தான் தெரியாமப் போச்சோ. கண்ணாடி கீறியும் ஒரு எழுத்து பிய்யல பாருங்க. நல்லா ஒட்டியிருக்கீங்க.”

ராயப்பன் ஸ்கேலை எடுத்தான். “அளவு எடுத்துக்கிடுதேன் அண்ணாச்சி.”

அவர் எதிரே இருந்த டீக்கடைக்குப் போனார். ராயப்பன் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக் கண்ணாடியை இறக்கினான். டீக்கடையும் பாய்லரும் சாலையும் கோடுகளின் இடுக்கில் துண்டு துண்டாகத் தெரிந்தன. அவரை மட்டும் காணவில்லை. தலையை ஒரு விரற்கடை திருப்பினான்.

எழுத்துக்குப் பின்னாலிருந்து அவர் நடுச்சாலையில் வெளிப்பட்டார். அவனுக்கு வாங்கிய டீ சிந்திவிடாமல் இரண்டு கையாலும் பிடித்தபடி வந்துகொண்டிருந்தார். கண்ணாடியை ஏற்றிவிட ராயப்பனுக்குக் கை எழவில்லை.