இரண்டாவது இதயம்

இரண்டாவது இதயம் தளரவில்லை.

அவள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் குனிந்தாள். இரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள். இரண்டு தவளை இதயங்கள். உப்புக் கரைசலில் தனித்தனியே துடித்துக்கொண்டிருந்தன.

முதல் இதயத்தின் நரம்பை மின்முனையால் தொட்டபோது அதன் துடிப்பு உடனே தளர்ந்தது. அதைச் சூழ்ந்திருந்த கரைசலை உறிஞ்சி இரண்டாவதன் மேல் விட்டாள். இரண்டாவதற்கு நரம்பு கிடையாது. முன்பே வெட்டி நீக்கியாயிற்று. ஆயினும் அதுவும் தளர வேண்டும். நரம்பு இதயத்தோடு பேசுவது ஒரு வேதிப்பொருளின் வழியாகத்தான் என்பதற்கு அதுவே சான்று.

இரண்டாவது இதயத்தின் துடிப்பைப் பதிக்கும் கரி படிந்த உருளை சுழன்றது. ஊசி ஒரே உயரத்தில் வெள்ளைக் கோடுகளைக் கீறிக்கொண்டே போயிற்று.

மேசையைச் சுற்றிப் பதினான்கு மாணவிகள். முடிவை நேற்றே மையால் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். 'இரண்டாவது இதயமும் தளர்ந்தது.' சென்ற ஆண்டு மாணவிகளின் ஏட்டைப் பார்த்து எழுதியது. அவளுக்குத் தெரியும். இந்த ஒன்றை மட்டும் அவள் கண்டிப்பதில்லை.

இருபத்தோர் ஆண்டுகளாக இந்தச் செயல்முறை பொய்த்ததில்லை.

இரண்டாம் முறையும் தளரவில்லை.

"அடங்கலையே மிஸ்," என்றாள் முன்னால் நின்ற கோமதி.

மேசையின் இடப்புறத்தில் முக்காலி காலியாக இருந்தது. ஆய்வகப் பணியாளர் சவரிமுத்துவின் இடம். கரைசலை ஒரு கிண்ணத்திலிருந்து மற்றதற்கு மாற்றுவது எப்போதும் அவர் வேலை. மாற்றிவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே சொல் சொல்வார்.

"அடங்குதும்மா."

அவள் உடனே மாணவிகள் பக்கம் திரும்பி விளக்கத் தொடங்கிவிடுவாள்.

இந்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை சவரிமுத்து இறந்துபோனார். கல்லறைத் தோட்டத்தில் அவள் பத்து நிமிடம் நின்றாள்.

புதுக் கரைசல் எடுக்கப் பின்னறைக்குப் போனாள். குளிர்பெட்டியில் கரைசல் குடுவைக்குப் பின்னால் சுண்டுவிரல் அளவில் ஒரு பழுப்புப் புட்டி இருந்தது. மேலே சொட்டுக்குழாய். ஒட்டியிருந்த சீட்டில் அவருடைய குண்டுக் கையெழுத்து.

'அசிட்டைல்கோலின். ஒரு சொட்டு போதும்.'

கீழே தேதி. அவர் இறப்பதற்கு ஐந்து நாள் முன்பு.

நரம்பு சுரக்கும் அதே பொருள். கடையில் வாங்கிக் கரைத்தது.

அவள் குளிர்பெட்டியின் கதவை மூட மறந்து நின்றாள்.

ஊசி தாழ்வதற்கு ஒரு கணம் முன்னதாகவே அவர் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவார். பழக்கத்தால் வந்த கணிப்பு என்று நினைத்திருந்தாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் மூன்று முறை தவறியது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் இதே அறைக்கு வந்து சுவரைப் பார்த்து நின்றாள். தொட்டியருகே சவரிமுத்து குடுவை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. குழாயை மட்டும் இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார், வெளியே எந்தச் சத்தமும் கேட்காதபடி.

மறு ஆண்டிலிருந்து தவறவில்லை.

ஏழாண்டுகளுக்கு முன்பு செய்முறைத் தேர்வில், கரைசலைத் தானே மாற்றிய பியூலா என்றொரு மாணவி 'மாற்றமில்லை' என்று எழுதியிருந்தாள். அந்தத் தாளில் இவள் சிவப்பு மையால் 'கவனக்குறைவு' என்று எழுதிப் பாதி மதிப்பெண்ணைக் குறைத்தாள். பியூலா அழவில்லை. "நான் பாத்ததத்தான் எழுதுனேன் மிஸ்," என்றாள். அதற்கும் ஒரு மதிப்பெண் போயிற்று.

பியூலா இப்போது எங்கிருக்கிறாள் என்று தெரியாது.

புட்டியை உள்ளங்கையில் மூடிக்கொண்டு மேசைக்குத் திரும்பினாள். பதினான்கு ஏடுகளில் மை காய்ந்திருந்தது. ஒரு சொட்டு போதும்.

மூன்றாம் முறையும் முறைப்படியே செய்தாள்.

ஊசி தாழவில்லை.

"எழுதினதை அடிச்சிருங்க. மாற்றமில்லைன்னு எழுதுங்க. பார்த்ததை மட்டும் எழுதணும்."

மதிப்பெண் குறையுமா என்று கோமதி கேட்டாள். குறையாது என்றாள். பதினான்கு அடித்தல்களுக்குக் கீழும் கையெழுத்திட்டாள். ஒவ்வொன்றிலும் தேதி போட்டாள்.

மாணவிகள் போனார்கள். உருளை சுழன்றுகொண்டிருந்தது.

அவள் புட்டியைத் திறந்து இரண்டாவது இதயத்தின் மேல் ஒரு சொட்டு விட்டாள்.

ஊசி தாழ்ந்தது. கோடுகள் குட்டையாகி, ஒன்றுக்கொன்று விலகின.

முக்காலியின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க செஞ்சது தப்பு, சவரிமுத்து."

புதுக் கரைசலால் இதயத்தைக் கழுவினாள். சற்று நேரத்தில் அது பழைய வேகத்துக்குத் திரும்பியது. இனிப் புட்டியைக் கொட்டிக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு, விளக்கை அணைக்க வேண்டியதுதான்.

அவள் இன்னொரு சொட்டை உறிஞ்சிக் கிண்ணத்தின் மேல் பிடித்தாள்.

விடவில்லை.

முக்காலியின் பக்கம் தலையைச் சற்றே சாய்த்து, அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாள்.