பாலத்தில் போகாதவர்

"சமைச்சவரே சாப்பிடலைன்னா, அந்தச் சாப்பாட்டை நாம எப்படி நம்பிச் சாப்பிடறது?" என்றார் மாமா.

பேச்சு சாப்பாட்டைப் பற்றி இல்லை. பாலத்தைப் பற்றி.

ரயில் பாதைக்கு மேலே போகிற அந்தப் பெரிய பாலத்துக்குக் கணக்குப் போட்டு, வரைபடம் தயாரித்தவர் இந்த வீட்டு இன்ஜினியர். அதாவது மாமாவின் அக்கா புருஷன். பாலம் திறந்து ரெண்டு வருஷம் ஆகிறது. ஊரே அதில் போகிறது. அவர் மட்டும் ஒரு நாள்கூடப் போனதில்லை. அஞ்சு நிமிஷத்தில் ஆபீஸ் போய்ச் சேர வேண்டிய மனுஷன், கீழே பழைய ரோட்டைப் பிடித்து, ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்து, அரை மணி நேரம் கழித்துப் போகிறார்.

"ஏதோ கோளாறு இருக்குக்கா. அவருக்குத் தெரியும். வெளியில சொல்ல முடியலை."

"சும்மா இருடா" என்று அம்மா தம்பியை அதட்டினாள். அந்த அதட்டலில் சுரத்தே இல்லை.

மகளுக்குத்தான் தலை சுற்றியது. அவள் முன்னால் காலேஜ் விண்ணப்பம் கிடந்தது. எல்லாக் கட்டமும் நிரப்பியாகிவிட்டது. எந்தப் பிரிவு என்கிற கட்டம் மட்டும் காலி. நாளைக்குக் கடைசி நாள்.

ஒரு வாரம் முன்னால், மாமா இந்தப் பேச்சை ஆரம்பிக்காதபோது கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சிவில் என்று எழுதியிருப்பாள். ஏழு வயசிலேயே ரெண்டு புத்தகத்துக்கு நடுவே ஸ்கேலை வைத்து, அதன் மேல் பென்சில் டப்பாவை ஏற்றி, "தாங்குமாப்பா?" என்று கேட்ட பெண் அவள்.

இப்போதும் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் போய் அதையேதான் கேட்டாள்.

"அப்பா, நீங்க போட்ட பாலம் தாங்குமா?"

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "யானைக் கூட்டமே போனாலும் தாங்கும்."

"அப்ப ஏன் நீங்க அதுல போறதில்ல?"

"கீழ் ரோட்டுல ஒரு வேலை இருக்கு."

"ரெண்டு வருஷமா, தினமுமா?"

அப்பா பேப்பரை மடித்தார். "பாலத்துல ஒரு தப்பும் இல்லம்மா. கணக்குலதான் ஒண்ணு விட்டுப்போச்சு" என்று முணுமுணுத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

இது என்ன பதில்? கணக்கில் ஒன்று விட்டுப்போனால் பாலம் எப்படிச் சரியாக இருக்கும்? யோசிக்க யோசிக்க அவளுக்கு இன்னும்தான் குழம்பியது.

மறுநாள் காலை விண்ணப்பத்தைப் பையில் போட்டுக்கொண்டு, அப்பாவின் பைக்குக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளியே தன் ஸ்கூட்டரை ஓட்டிப் போனாள். பெத்த அப்பாவையே வேவு பார்க்கிறோமே என்று கூச்சமாகத்தான் இருந்தது.

பாலத்துக்கு அடியில், நாலாவது தூண் பக்கத்தில் ஒரு பஞ்சர் கடை. அப்பா அங்கே நிறுத்தினார். கடைக்காரர் டயரில் காற்று பார்த்தார். அது முடிந்தும் அப்பா கிளம்பவில்லை. மேலே இருக்கிற பாலத்தைக் காட்டிக் காட்டி, கையை வீசி, கோபமாக ஏதோ பேசிக்கொண்டிருந்தார். வீட்டில் யாரையும் ஒரு சுடுசொல் சொல்லாதவர்.

மாமா சொன்னதுதான் நிஜமோ?

அப்பாவின் பைக் கண்ணுக்கு மறைந்ததும் கடைக்குப் போனாள்.

"காத்து பார்க்கணுமாம்மா?" கடைக்காரருக்கு வயசு ஐம்பது இருக்கும். வாடிக்கையைப் பார்த்த சந்தோஷம் முகத்தில் அப்படியே தெரிந்தது.

"பாருங்க. இப்ப போனாரே, அவர் வண்டிக்கு என்ன கோளாறு?"

"வண்டிக்கா? ஒண்ணும் இல்ல. டயர் கல்லு மாதிரி இருக்கும். ஆனாலும் தினம் வந்து காத்து பாருங்கறார். நானும் பார்க்கறேன்." சிரித்துக்கொண்டார். "முன்னெல்லாம் கேட் மூடினா வண்டி வரிசையா நிக்கும். எனக்குக் குனிஞ்ச தலை நிமிர நேரம் இருக்காது. பாலம் வந்துச்சு, அத்தனை பேரும் மேல போயிட்டாங்க. கடையை மூடலாம்னு இருந்தப்பதான் இவர் வர ஆரம்பிச்சார். அவர் சொன்னார்னு இப்ப தினம் நாலஞ்சு வண்டி வருது. ஏதோ ஓடுது."

"அவர் என்ன வேலை பார்க்கறாராம்?"

"எங்கயோ ஆபீஸ்ல படம் வரையறவராம். நான் அதுக்கு மேல கேக்கலை."

கணக்கில் விட்டுப்போனது எது என்று மகளுக்கு இப்போது புரிந்தது. அப்பாவைச் சந்தேகப்பட்டதை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

கடை ஸ்டூலில் உட்கார்ந்து விண்ணப்பத்தை எடுத்தாள். காலிக் கட்டத்தில் சிவில் என்று எழுதினாள்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா படிக்கப் போறே?"

"பாலம், கட்டடம் எல்லாம் கட்டற படிப்பு."

"அடக் கடவுளே. இதோ தலைக்கு மேல நிக்குதே, இதைப் போட்டவனும் அதைத்தான் படிச்சிருப்பான். கீழ ஒருத்தன் கடை போட்டுப் பிழைக்கறான்னு அவன் கண்ணுக்குத் தெரியலை பாரு. அவனை வாய்க்கு வந்தபடி திட்டினாத்தான் எனக்குப் பொழுதே விடியும்."

மகள் விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்தாள். "இப்ப வந்துட்டுப் போனாரே, அவரும் இதையெல்லாம் கேட்டுட்டு நிப்பாரா?"

"கேக்கறதா? தினமும் திட்டை ஆரம்பிச்சு வைக்கிறதே அவர்தான்ம்மா."