அளவு ரவிக்கை

2012 கோடையில் திண்டிவனத்துத் தனியார் அருங்காட்சியகம் ஒன்று கண்காட்சி வைத்தது. கூடத்தின் ஒரு பக்கம் மண்ணிலிருந்து தோண்டியெடுத்த முதுமக்கள் தாழி. எதிரே புது ஃபேஷன் ரவிக்கைகள் மாட்டிய பிளாஸ்டிக் பொம்மைகள். ரவிக்கைகளைத் தைத்ததும் பராமரிப்பதும் சகாய பிரியாதான்.

மூன்றாம் நாள் காலை பச்சை ரவிக்கை ஒன்றின் அக்குளில் வியர்வை நசநசத்தது. முகர்ந்தவள் சட்டென்று விலக்கிப் பிடித்தாள். பக்கத் தையலும் விட்டிருந்தது. பொம்மையின் மார்பளவோ முப்பத்திரண்டு அங்குலம்தான்.

போடுகிறவள் பருத்தால் பிரித்துக்கொள்ள உள்ளே துணி விட்டுத் தைப்பது பிரியாவின் பழக்கம். துவைத்தாள், தையல் மறுபடி விடாதிருக்க முப்பத்தாறாகப் பிரித்து மாட்டினாள். மறுநாள் அதுவும் தெறித்திருந்தது. கழுத்தில் எண்ணெய்ப் பிசுக்கு, அதில் ஒட்டிய நரைமுடி.

மேற்பார்வையாளர் அமிர்தசாமி மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னாம்மா, இதப் போட்டுக்கினு கண்டமங்கலம் கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்தியா?"

"ஐயே, மாதா சத்தியமா இல்ல சார்!"

"இன்னொரு தபா நாறுச்சுன்னா வேற டெய்லரப் பாத்துக்குவேன்."

வேலை போய்விடுமே என்ற ஆத்திரத்தில், தையலை முப்பத்திரண்டுக்கே இறுக்கி, உள்துணி முழுவதையும் வெட்டியெறிந்தாள். இனி யாருக்கும் பிரித்துவிட வழியில்லை.

மறுநாள் காலை பச்சை ரவிக்கை சுத்தமாக, பொம்மையின் மேல் கச்சிதமாக இருந்தது. பிரியாவுக்கு உயிர் வந்தது.

பின்னறைக்குப் போனாள். அவளது தையல் மிஷின்மேல், கூடத்துத் தாழியின் அதே செம்மண் நிறத்தில், தொட்டால் உதிரும் துணி ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. தைக்கக் கொடுப்பவர்கள் வைப்பதுபோலவே, அதற்குள் அளவுக்கு ஒரு பழைய ரவிக்கை இருந்தது.

அதன் அக்குள் நனைந்து, இன்னும் வெதுவெதுவென்றிருந்தது.