தொட்ட இடம்

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள் நர்ஸ் முருகேஸ்வரி. பேனா முனையால் உடம்பில் தொடுவாளாம். தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டுமாம்.

நாகஜோதி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஊர் முழுக்கத் தோல் கணக்கெடுப்பு என்று சொல்லிக்கொண்டு, பதினொரு மணி வெயிலில் பரளச்சி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்தாள் அந்த நர்ஸ். ஆண்கள் பருத்திக் காட்டுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் மாமியார் தங்கத்தாயும் நாகஜோதியும்தான்.

தங்கத்தாய் மறுபேச்சில்லாமல் முதல் ஆளாக உட்கார்ந்து முதுகு, கை, கால் எல்லாம் காட்டினாள். ஒரு குறையும் இல்லை என்றாள் நர்ஸ். தங்கத்தாய் எழுந்து போய் வாசற்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"இவளையும் இண்டு இடுக்கு விடாமப் பாருங்க."

அந்தத் தாழ்ப்பாள் சத்தத்தில் நாகஜோதி ரவிக்கைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கல்யாணமாகி ஏழு மாதம். மூன்று மாதத்துக்கு முன் கொதிக்கிற கஞ்சி முழங்கைக்கு மேலே தெறித்தது. கொப்புளம் போட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. துளி வலி இல்லை. உற்றுப் பார்த்தபோது அந்த இடத்தில் எட்டணாக் காசு அகலத்துக்கு வெளிறிய தேமல்.

அன்றிலிருந்து முழங்கையை மூடிய ரவிக்கைதான். புருஷன் மருதுபாண்டியிடம்கூடச் சொல்லவில்லை. பந்தல்குடியில் அவள் பிறந்த தெருவில், இதே மாதிரித் தேமலுக்காகப் புருஷன் வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட ஒருத்தி இருந்தாள். அவளுக்குத் தட்டு தனி, பாய் தனி. கடைசிவரை கூட்டிப்போக யாரும் வரவில்லை.

பேனா நெற்றியில் பட்டது. காட்டினாள்.

கன்னத்தில் பட்டது. காட்டினாள். புறங்கையையும் காட்டினாள்.

நர்ஸ் ரவிக்கைக் கையை மேலே சுருட்டுவது தெரிந்தது.

அதன் பிறகு ஒன்றும் தெரியவில்லை.

தொட்டுவிட்டாளா, இனிமேல்தானா? பக்கத்தில் மாமியாரின் மூச்சுக் கேட்டது. இன்னும் தாமதித்தால் குட்டு உடைந்துவிடும். தேமல் இருக்கும் இடத்தில் சட்டென்று விரலை வைத்தாள்.

"நான் இன்னும் தொடவே இல்லையே, தாயி."

கண்ணைத் திறக்கவே பயமாக இருந்தது. திறந்தபோது தங்கத்தாய் அங்கே இல்லை. அடுப்படியில் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

தொழுநோய்தான், ஆனால் ஆரம்பம் என்றாள் நர்ஸ். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும், யாருக்கும் ஒட்டாது என்றாள். நாகஜோதியின் காதில் எதுவும் ஏறவில்லை. நர்ஸின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"அக்கா, அத்தைக்கு மட்டும் தெரிய வேணாம்."

நர்ஸ் அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

சாயங்காலம் அடிபம்பில் பக்கத்து வீட்டு சரஸ்வதி தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். ஊரில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத் தவித்தாள் நாகஜோதி. நேராகக் கேட்க முடியுமா? உங்கள் வீட்டில் கணக்கெடுப்பு முடிந்துவிட்டதா என்று பட்டும்படாமல் கேட்டாள்.

சரஸ்வதி பம்பை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"அது அடுத்த மாசந்தான? இங்க யார் வீட்டுக்கும் வரலையே. முந்தாநாத்து திருச்சுழி ஆஸ்பத்திரி வாசல்ல உங்க அத்தை ஒரு நர்ஸம்மாகிட்ட ரொம்ப நேரமா என்னமோ கெஞ்சிக்கிட்டு நின்னாக. என்னன்னு கேட்டேன். தனக்குக் கையில ஒரு தேமலுன்னு சொன்னாக."